அரை ஸ்பூன் சோடா

மார்ச் 3, செவ்வாய்

மீன்தொட்டித் தண்ணீரின் காரத்தன்மை ஏழு. நேற்று எட்டு, முந்தாநாளும் எட்டு. மீன் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த ஒன்று எங்கே போயிற்று?

எங்கே போகும், தொட்டிக்குள் உயிரோடு வளரும் மகளின் பவளம் தின்றிருக்கும். கிளை கிளையாக, நுனியில் ஊதா நிறம் வைத்து வளர்கிறது அல்லவா, அந்த எலும்பைக் கட்டத் தண்ணீரிலிருந்துதான் சுண்ணாம்பும் காரமும் எடுக்கிறது. எனக்குப் புரியாத விஷயம் இல்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தின் பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவன் நான். தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை விரட்டுவதுதான் என் பிழைப்பே. குழாயில் நகக்கனம் படிந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் தலையில் சுண்ணாம்பு ஊட்டி வளர்க்கும் வேலையைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

புது வேலை, புது ஊர். அங்கே வாடகை வீடு அமைந்ததும் ஏப்ரலில் வந்து பவளத்தை எடுத்துக்கொள்வாளாம். முதல் சம்பளத்தில் சுண்டுவிரல் நீளத் துண்டாக வாங்கியது, இப்போது விரித்த கை அளவுக்கு நிற்கிறது. "இருக்கிற மாதிரியே உன் கையில தரேன், கவலைப்படாம போ" என்று சொல்லி அனுப்பினேன். சொன்னால் சொன்னதுதான்.

மார்ச் 4, புதன்

மகள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டு இரண்டு பேரும் கேட்டோம்.

"தினமும் அரை ஸ்பூன் சமையல் சோடாவ ஃபில்டர் தண்ணில கரைச்சு மெதுவா விடுங்கப்பா. அது போதும்."

"ஒண்ணு குறையுதுன்னா ஒரே தடவையில ஏத்திட வேண்டியதுதானே. பாய்லர்ல அப்படித்தான் பண்றோம்."

"இது பாய்லர் இல்லப்பா. இதுக்கு உயிர் இருக்கு. அவசரப்பட்டு எதையும் சரி பண்ணாதீங்க, அவ்வளவுதான் நான் கேக்கறது."

நேற்றுவரை கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தவள் எனக்குத் தண்ணீர் பாடம் எடுக்கிறாள். "சோடாவும் வேணாம் ஒண்ணும் வேணாம், எனக்குத் தெரியும்" என்று போனை அவள் அம்மாவிடம் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

வேலை முடிந்து வரும்போது சோடா பாக்கெட் ஒன்று வாங்கினேன். டூல் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நாளையிலிருந்து காலையில் மனைவி குளிக்கப் போனதும் அரை ஸ்பூன். மகள் சொன்னாள் என்பதற்காக இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், அரை ஸ்பூன்தான் வருகிறது.

மார்ச் 8, ஞாயிறு

ஒன்பது!

எட்டில் நிற்க வேண்டியது. அளவு தப்பவில்லை, ஸ்பூனை விரலால் வழித்துத்தான் போடுகிறேன். மூன்று தடவை சோதித்தேன். சோதனைக் குப்பியின் மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டு, நீலம் மஞ்சளாகும்வரை எண்ணி... மூன்று தடவையும் ஒன்பது. நாளையிலிருந்து நிறுத்துகிறேன்.

மார்ச் 11, புதன்

திங்களிலிருந்து ஒரு துளி போடவில்லை. இன்றும் ஒன்பது. போடாமல் இருந்தால் இறங்க வேண்டாமா? இது என்ன தண்ணீரா, பிடிவாதம் பிடித்த மாடா?

வேலையிலும் இன்று சரியில்லை. ஃபிட்டர் அட்டை மாட்டாமல் வால்வைத் திறந்துவிட்டான். யார் வேலை செய்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அட்டையை மாட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், எங்கள் பாய்லர் ரூமின் முதல் சட்டம் அது. "ஒருத்தன் கை வச்சா இன்னொருத்தனுக்குத் தெரிய வேணாமாய்யா? ரெண்டு பேரும் சேந்து வெடிக்க விடறதுக்கா?" என்று காய்ச்சி எடுத்துவிட்டேன். தொட்டி மேல் இருந்த கோபமும் அவன் தலையில்தான் விழுந்தது, பாவம்.

மார்ச் 12, வியாழன்

சோதனைக் குப்பி கெட்டிருக்கும் என்று மீன்தொட்டிக் கடைக்குப் போய்ப் புதிது வாங்கினேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "நம்பர் பின்னாடி ஓடாதீங்க சார், பவளத்தப் பாருங்க" என்றார். குப்பியை விற்கிறவரும் அவர், அதைப் பார்க்காதே என்கிறவரும் அவர்!

புதுக் குப்பியிலும் ஒன்பதுதான்.

மார்ச் 14, சனி

மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை இறைத்துவிட்டுப் கடலுப்புக் கலந்த புதுத் தண்ணீர் ஊற்றினேன். எட்டுக்கு வந்தது. இடுப்பு போயிற்று. மனைவி சோபாவில் உட்கார்ந்தபடி, "தினமும் அத நோண்டிப் படுத்தறீங்க, அது எப்படித் தேறும்?" என்றாள். இந்த வீட்டில் தொட்டியைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதது அந்த இரண்டு கோமாளி மீன்களுக்குத்தான்.

மார்ச் 15, ஞாயிறு

பவளத்தின் நுனிகள் வெளுத்திருக்கின்றன. மகளிடம் சொல்லவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

மச்சினிக்கு முழங்காலில் ஆபரேஷன். மனைவி துணைக்குப் போயிருக்கிறாள், சனிக்கிழமை வருவாள். கிளம்பும்போது வாசல்வரை போனவள் திரும்பி வந்து தொட்டி முன்னால் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, "ஒண்ணுமில்ல, வேளைக்குச் சாப்பிடுங்க" என்று போய்விட்டாள்.

காரத்தன்மை எட்டு. நான் எதுவும் போடாமலே எட்டு. சரி, இப்படியே இருந்து தொலையட்டும், கை வைக்கப் போவதில்லை.

மார்ச் 20, வெள்ளி

ஐந்து. எட்டிலிருந்து ஐந்து!

போட்டபோது தாறுமாறாக ஏறியது, நிறுத்தினால் அசையவில்லை, இப்போது மூன்றே நாளில் பாதாளத்துக்குப் போகிறது. என்னதான் வேணும் இதுக்கு? என்ன பண்ணித் தொலைச்சேன் நான்? பாய்லர் என்றால் காரணத்தைக் கண்டுபிடித்து மூக்கில் அறைந்திருப்பேன். இது கண்ணாடிக்குள் இருந்துகொண்டு என்னைக் கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறது.

மெதுவாக ஏற்ற வேண்டும், தெரியும். ஆனால் ஐந்தைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. ஒரு ஸ்பூன் கரைத்து விட்டேன். நாளைக் காலை இன்னொன்று.

மார்ச் 21, சனி

வேலை முடிந்து வந்தால் கூடத்தில் மனைவி கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். தொட்டிக்குள் பால் ஊற்றிக் கலக்கியதுபோல வெள்ளை. மீன் தெரியவில்லை, பவளம் தெரியவில்லை.

கையை விட்டு ஹீட்டரை வெளியே எடுத்தேன். குழாய் முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது. எனக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டாம். தண்ணீர் தாங்காத அளவுக்குக் காரம் போனால்தான் சுண்ணாம்பு இப்படித் திரளும். நான் போட்ட இரண்டு ஸ்பூனுக்கு இவ்வளவு வராது.

"இதுல வேற யாராவது எதையாவது போட்டாங்களா?"

"நான்தான் போட்டேன். சோடா" என்றாள் மனைவி. "தினமும் மத்தியானம் அரை ஸ்பூன் போட்டுட்டு இருந்தேன். ஊருக்குப் போனதுல நாலு நாள் விட்டுப் போச்சேன்னு, நாலு நாளுக்கும் சேத்து இன்னைக்கு..."

"உன்ன யாரு போடச் சொன்னா?"

"நீங்கதான் போட மாட்டேன்னு போன்ல சொல்லிட்டீங்களே! பொண்ணு சொன்னத இந்த வீட்ல ஒருத்தராவது செய்ய வேணாமா?"

"நான் போட்டுட்டுத்தானடி இருந்தேன்!"

"எப்போ?"

"காலைல. நீ குளிக்கப் போனதும்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அவ சொன்னது சரின்னு வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஃபிட்டரைத் திட்டியது ஞாபகம் வந்தது. அசிங்கமாக இருக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

தண்ணீர் தெளிந்துவிட்டது. தெளியாமலே இருந்திருக்கலாம். பவளத்தின் அடியிலிருந்து தோல் உரிந்து வெள்ளை எலும்பு தெரிகிறது. காலையில் ஒரு விரல் உயரம், சாயங்காலம் இரண்டு விரல்.

மகளுக்குப் போன் செய்ய வேண்டும். எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன்.

மார்ச் 23, திங்கள்

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு முதல் வேலையாக அவளைக் கூப்பிட்டேன். நடந்ததைப் பூசி மெழுகாமல் சொன்னேன். காலைச் சோடாவையும் மத்தியானச் சோடாவையும் சொன்னேன். கடைசியில், "இப்ப நான் என்ன பண்ணணும், சொல்லு" என்றேன்.



"அப்பா, நீங்கதானே பேசறீங்க?"

"நான்தாம்மா."

வெள்ளை ஏறாத கிளைகளை வெட்டிவிடச் சொன்னாள். உயிருள்ள பக்கம் ஒரு விரல் தள்ளி வெட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் அதுவும் போய்விடுமாம். மனைவி வீடியோவில் போனைப் பிடித்துக்கொண்டாள். கட்டிங் பிளேயரைக் கழுவி எடுத்து வந்தேன். எத்தனை இரும்புக் குழாய் வெட்டிய கை இது, அந்த முதல் கிளையை மட்டும் மூன்று தடவை அளந்து பார்த்துத்தான் நறுக்கியது. ஐந்து துண்டுகள் தேறின. ஒவ்வொன்றையும் பசை வைத்துக் கல்லில் ஒட்டினேன். மிச்சம் ஒரு வெள்ளைக் குச்சிக்கூடு. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"இருக்கிற மாதிரியே கையில தரேன்னு சொன்னேனேம்மா" என்றேன்.

"வாங்கும்போதும் துண்டாத்தானப்பா வாங்கினேன். துண்டாவே தாங்க" என்றாள். அவளும் அழுதிருக்கிறாள். மூக்கை உறிஞ்சியது கேட்டது.

மார்ச் 25, புதன்

ஆஸ்பத்திரி ஸ்டோரில் கேட்டுப் பழைய சிவப்பு அட்டை ஒன்று வாங்கி வந்து தொட்டியின் மூலையில் மாட்டினேன். அன்றைக்குச் சோடா போட்டவர் சிவப்புப் பக்கத்தை வெளியே தெரியும்படி திருப்ப வேண்டும். ஒரு பாக்கெட், ஒரு ஸ்பூன். ஒருநாள் அவள், ஒருநாள் நான். "இதுக்கு வாயால சொல்லிட்டே போயிடலாமே" என்றாள் மனைவி. சொல்லத் தெரிந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காதே.

மார்ச் 29, ஞாயிறு

இரண்டு துண்டுகள் போய்விட்டன. மூன்று இருக்கின்றன. காரத்தன்மை ஏழரை. எட்டாக்கிவிடலாம், ஒரே ஒரு சிட்டிகை. கை பரபரக்கிறது. அட்டை சிவப்பாக இருக்கிறது. எழுந்து போய்ச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

ஏப்ரல் 8, புதன்

ஏழரை. வாரம் முழுக்க ஏழரை. மூன்றில் ஒன்றின் நுனியில் ஊதா மாதிரி ஏதோ தெரிகிறது. என் கண்ணை நம்பாமல் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆமா" என்றாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மகள் வந்து போனாள். வெறும் கல்லாக நின்ற பழைய கூட்டை வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அதைப் பேப்பரில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். இரண்டு துண்டுகளை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டாள். ஊதா வந்த துண்டை விட்டுவிட்டாள்.

"அதாம்மா நல்லா இருக்கு, அத எடுத்துக்கோ."

"அது உங்களோடதுப்பா."

மே 6, புதன்

வேலையில் இருக்கும்போது மகள் கூப்பிட்டாள். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை, பதறிவிட்டேன்.

"அப்பா, என் தொட்டியில நேத்து எட்டு, இன்னைக்கு ஒன்பதரை. நான் அரை ஸ்பூன்தான் போட்டேன். என்ன பண்ணட்டும்?"

என்னிடம் கேட்கிறாள். பாய்லர் சத்தத்தில் சரியாகக் கேட்டதா என்று ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

"ஒண்ணும் பண்ணாத. அவசரப்பட்டு எதையும் சரி பண்ணாத. முதல்ல உன்கூடத் தங்கியிருக்கிற பொண்ணுகிட்ட, அவளும் போட்டாளான்னு கேளு."

அவள் வெகுநேரம் சிரித்தாள். நான் சிரிக்கச் சொல்லவில்லை. சாயங்காலம் மெசேஜ் வந்தது: "ஆமாம்பா, அவளும் போட்டிருக்கா."

நாளைக்கு ஸ்டோரில் இன்னொரு அட்டை கேட்க வேண்டும்.