சூரியனுக்கும் மங்கு

மதினி,

இன்று பஜார் ரோட்டில் சுக்கு மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று என்னை உரசிக்கொண்டு போனது. தும்மினேன். உடனே நீங்கள் ஞாபகத்துக்கு வந்தீர்கள். கோபப்படாதீர்கள், இஞ்சிக் களத்தில் வேலை முடிந்து வந்து நீங்கள் சேலையை உதறினால் வீடே தும்முமே, அந்தத் தும்மல். சொல்ல வேண்டிய சேதியும் ஒன்று இருக்கிறது. மூன்றாம் கிளாசோடு நின்றவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கிரகணம் நினைவிருக்கிறதா? மட்டாஞ்சேரியில் பாதி வீடு கதவைச் சாத்திக்கொண்டது. வெலிங்டன் தீவில் கப்பலுக்கு வெல்டிங் அடிக்கிறவனுக்குக் கறுப்புக் கண்ணாடிக்கா பஞ்சம்? இருப்பதிலேயே கறுப்பானதைக் கொண்டுவந்தேன். அண்ணன் கத்தக் கத்த நீங்கள் முற்றத்தில் நின்று பார்த்தீர்கள். மறுநாள் காலையில், இஞ்சி பரப்பக் கிளம்பும்போது, இன்னொரு தடவை வாங்கிப் பார்த்துவிட்டு அலறினீர்கள்.

"கொழுந்தனாரே, கிரகணம் முழுசா விடலை! மிச்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு!"

"கண்ணாடில அழுக்கு, மதினி."

முந்தானையால் துடைத்தீர்கள். எச்சில் தொட்டுத் துடைத்தீர்கள். போகவில்லை. கடைசியில் கண்ணாடியை வட்டமாகத் திருப்பினீர்கள். கண்ணாடி சுற்றியது, புள்ளி நின்ற இடத்திலேயே நின்றது. அப்படியானால் அழுக்கு நம்மிடம் இல்லை.

களத்துக் கணக்கர் சேட்டன்தான் பேப்பரில் படித்ததைச் சொன்னார். சூரியனில் புள்ளி விழுவது சகஜமாம். பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை நிறைய வருமாம், நடுவில் குறைந்து காணாமலே போகுமாம், பிறகு திரும்பி வருமாம். உங்களுக்கு வந்ததே சந்தோஷம்! களத்து வெயிலில் நின்று நின்று கன்னம் இரண்டிலும் மங்கு படர்ந்தவர் நீங்கள். கல்யாண வீட்டில் பவுடரை அப்பிக்கொண்டு கடைசி வரிசையில் ஒதுங்குவீர்கள். 'மங்கு மதினி' என்று நானும்தான் சீண்டுவேன். அன்று சாயா கிளாசோடு என் முன்னால் வந்து நின்றீர்கள்.

"எனக்கு மங்கு குடுத்தவருக்கே மங்கு. இனிமே கேலி பண்ணணும்னா முதல்ல அவரைப் பண்ணுங்க."

பள்ளுருத்தியில் அடுத்து நடந்த கல்யாணத்தில் பவுடர் இல்லாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். அன்றைக்கு நான் 'மங்கு மதினி' என்று கூப்பிடவில்லை. கவனித்தீர்களா?

வருஷம் போகப் போகப் புள்ளிகள் குறைந்தன. நீங்கள் படுக்கையில் விழுந்த சமயம் சூரியன் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. டாக்டர் கையை விரித்த பிறகு நீங்கள் ஆசைப்பட்டது அந்தப் புள்ளியைப் பார்க்கத்தான். "நம்ம ஆளு வந்தாச்சா? ஒரு தடவை பார்த்துடணும்" என்று தினமும் கேட்டீர்கள். இல்லை இல்லை என்று சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கப்பலுக்கு அடிக்கிற கறுப்புப் பெயிண்டைத் தொட்டு, கண்ணாடியில் கடுகளவு ஒரு பொட்டு வைத்தேன். ஜன்னலோரம் உங்களைச் சாய்த்து உட்காரவைத்தேன்.

"கையை நீட்டிப் பிடிங்க மதினி. வந்தாச்சு!"

பார்த்தீர்கள். முகம் மலர்ந்தது. ஆனால் அந்தக் கை சும்மா இருக்குமா? மெதுவாகக் கண்ணாடியைத் திருப்பியது. பொட்டும் கூடவே சுற்றியது.

நான் சுவரைப் பார்த்தேன். நீங்கள் இருமல் வரும்வரை சிரித்தீர்கள்.

"பொட்டு அழகா வச்சிருக்கீங்க, கொழுந்தனாரே." இன்னொரு தடவை அதையே பார்த்தீர்கள். "நிசமானது வரும். வர்றப்ப திருப்பிப் பார்த்துட்டு எனக்குச் சொல்லுங்க."

அந்த மழைக்காலம் முடியுமுன்னே போய்விட்டீர்கள்.

அந்தக் கண்ணாடியை நான் வேலைக்கு எடுப்பதில்லை. சட்டைப் பையில் துணி சுற்றி வைத்திருக்கிறேன். வெயில் அடித்தால் எடுத்துப் பார்ப்பேன். படகுத்துறையில் எனக்குப் பைத்தியம் என்று பேச்சு.

நேற்று சாயங்காலம் பார்த்தேன், மதினி. இரண்டு புள்ளி தெரிந்தது. நீங்கள் சொன்னபடியே திருப்பினேன். ஒன்று சுற்றியது, அது நான் வைத்தது. மற்றது நின்ற இடத்திலேயே நின்றது.