அப்பா தனக்குப் போட்டுக்கொண்ட மார்க்

போனிலேயே வைத்தியம் பார்க்கும் என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதுவது. நான் நலம், நீயும் மாப்பிள்ளையும் நலமா? அப்பாவும் நலம்தான், அவரே சொல்கிறார். அவர் சொன்னால் நம்புவாய், நான் சொன்னால்தான் "அம்மா, நீ எல்லாத்தையும் பெருசு பண்ற" என்பாய்.

பத்தாவது மாடியில் தொங்கிக்கொண்டு லிஃப்ட் ரிப்பேர் செய்த மனிதர், பல்பு மாட்ட ஏறிய ஸ்டூலிலிருந்து விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டாரே, அந்தக் காயம் ஆறிவிட்டது, முடிகூட முளைத்துவிட்டது. உள்ளே என்ன ஆனது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்பதும் தெரியவில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார், கேட்டால் அது தானாகப் பற்றிக்கொண்டதாம். இந்த லட்சணத்தில் திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார், நீயும் "போகட்டுமே, மனசுக்கு நல்லது" என்று ஒத்து ஊதுகிறாய். லிஃப்டுக்குள் நிற்கப்போகிறவர்களின் மனசைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

சரி, பெரியவர்கள் தீர்ப்பு சொல்லட்டும் என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். சோதனை செய்த மனநல நிபுணருக்கு உன் வயதுதான் இருக்கும், பொறுமையில்தான் உன் சாயல் இல்லை. எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்து ஒரே கேள்விகளைக் கேட்டாள். இவரால் சமைக்க முடியுமா, சொன்னது நினைவிருக்குமா, கோபத்தை அடக்க முடியுமா என்று, ஒவ்வொன்றுக்கும் மார்க் போடச் சொன்னாள். அப்பா தனக்கு எல்லாவற்றிலும் முழு மார்க் போட்டுக்கொண்டார், கோபத்தை அடக்குவதிலும்தான், கேள்வி நீளமாக இருக்கிறதென்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்திக்கொண்டே. அவர் போட்ட மார்க்குக்கும் நான் போட்டதற்கும் நடுவில் உள்ள பள்ளத்தைத்தான் அளப்பார்களாம். ஆனால் வீட்டுக்காரர்களும் குறையைக் கூட்டிச் சொல்வதுண்டு, செய்யவைத்தே பார்த்துவிடலாம் என்றாள். உனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கேயே ஒரு சின்ன சமையலறை. டீ போடச் சொல்லி, தப்பு எதுவும் வருமா சார் என்று முன்கூட்டியே கேட்டாள். "டீக்குப் போய் தப்பா?" என்று சிரித்தார் மகாராஜா. பால் காய்ச்சி, சர்க்கரை போட்டு, வடிகட்டி, கப்பில் ஊற்றி நீட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. டீத்தூள் டப்பா திறக்காமல் பக்கத்திலேயே இருந்தது. "இவ டப்பாவை இடம் மாத்தி வெச்சுட்டா" என்றார், ஆஸ்பத்திரி டப்பாவை! எனக்குச் சிரிப்பு முட்டியது. அந்தப் பெண் சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. "நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க சார்" என்றாள். குடித்தார். கப்பைச் சாய்த்துப் பார்த்தார். "இதை நானா போட்டேன்?" என்றார். சமையலுக்கு மறுபடி மார்க் போடச் சொன்னதும், ஒன்றே ஒன்றைக் குறைத்துக்கொண்டார். ஜெயிக்கத்தானே போனேன், ஜெயித்தது பிடிக்கவில்லையடி.

வேலை இப்போதைக்கு வேண்டாம், வாராவாரம் பயிற்சிக்கு வரட்டும் என்றிருக்கிறார்கள். தன் நிலை புரியப் புரிய மனசு ஒடிந்துபோகலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள். அதனால், டாக்டரம்மா, இனி போனில் "நல்லா இருக்கீங்களாப்பா" என்று கேட்காதே, இன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேள், பதில் வரும்வரை காத்திரு. முடிந்தால் லீவு போட்டு நேரில் வா.

பஸ்ஸில் வீடு திரும்பினோம். இறங்குகிற நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை நாளா ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார். தினமும் தொண்டை கிழியக் கத்தியவளைப் பார்த்துக் கேட்கிறார். "சொல்லியிருக்கணும்தான், மறந்துட்டேன்" என்றேன்.

நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா