ஊதாத் துணி

உறுவையாறு

பாப்பாவின் அம்மாவுக்கு,

குவைத்தில் நீ பார்த்துக்கொள்ளும் குழந்தை நலமா? நம் பாப்பா நலம்.

பால்வாடி டீச்சர் ஒரு விளையாட்டு சொல்லிக்கொடுத்தார். கரண்டியைத் துணியால் மூடிவிட்டுப் பிள்ளையைத் தேடவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாதது காணாமல் போய்விடவில்லை என்று அதற்குப் புரியுமாம். இப்போது வீட்டில் எந்தத் துணியையும் விடுவதில்லை, தூக்கிப் பார்க்கிறாள்.

தவக்காலக் கடைசி என்பதால் கோயிலில் மாதா, புனிதர் சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடியிருக்கிறார்கள். ஞாயிறு பூசையில் என் கையை உதறிக்கொண்டு ஓடி, மாதாவின் துணியைத் தூக்கி, "அம்மா?" என்றாள்.

"இன்னா பக்தி பாரு!" என்று அன்னாள் அக்கா சிரிக்க, கோயிலே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

பிறகு சூசையப்பரின் துணியையும் தூக்கி, "அம்மா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

அந்த விளையாட்டை விட்டுவிட்டோம். இப்போது டப்பா அடுக்குகிறோம்.

பாப்பாவின் அப்பா