மூன்று ஜாக்கெட், எட்டுச் சாரி

இன்று காலை தெஹியோவிட்ட பஸ் நிறுத்தத்தில் ரப்பர் ஷீட் ஏற்றிய லொறி ஒன்று வந்து நின்றது. அந்தப் புகை வாசம் மூக்கில் ஏறியதும் நீயே வந்து பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது எனக்கு. நீங்கள் இருக்கும் தோட்டத்து வீட்டு வரிசை, உங்கள் லயம், ரப்பர் புகை போடும் ஸ்டோருக்குப் பின்னால்தானே. நீ எதைத் துவைத்துக் காயப்போட்டாலும் அந்த வாசம் ஏறிவிடும். "வாசத்த வச்சே தோட்டத்துப் புள்ளன்னு கண்டுபிடிச்சிருவாங்கடி" என்று சொல்லித்தான் நம் சாரிகளையெல்லாம் எங்கள் வீட்டு அலுமாரியில் வைத்தாய். அங்கேதான் எல்லாம் கெட்டது.

நம் இருவருக்கும் ஒரே மாதத்தில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது. எனக்கு டவுனுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம், உனக்கு மேல் தோட்டத்துப் பள்ளிக்கூடம். சம்பளம் என்று வெளியே சொல்ல வெட்கமாக இருக்கும். தினமும் சாரி கட்டியாக வேண்டும். நம் இருவரிடமும் சேர்த்தே இரண்டுதான் இருந்தன. நான் உட்கார்ந்து அழுதேன், நீ யோசித்தாய். இரண்டு பேரும் ஒரே அளவு, பள்ளிக்கூடம் வேறு வேறு. சாரியைப் பொதுவாக வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆளுக்கு மூன்று ஜாக்கெட்: கறுப்பு, அரக்கு, சந்தனம். சாரி எட்டும் பொது.

அவிசாவளை நடைபாதைத் துணிக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவாய். "அடு கரன்ன அய்யே" என்று சிங்களத்தில் விலையைக் குறைக்கச் சொல்லிக் கடைக்காரனைச் சிரிக்க வைத்துக்கொண்டே, கண் மட்டும் துணியில் இருக்கும். நான் மினுக்குகிற எதையாவது தூக்கினால் பிடுங்கிப் போடுவாய். "இது ஒரு ஜாக்கெட்டுக்குத்தான் சேரும். மூணுக்கும் சேர்றதுதான் நமக்குச் சோறு போடும். வையி கீழ!"

எட்டும் நீ பொறுக்கியது. ஜாக்கெட்டை மாற்றி மாற்றிப் போட்டதில் எங்கள் பள்ளிக்கூடத்தில் "டீச்சருக்கு எத்தனை சாரி!" என்று வாயைப் பிளந்தார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. நாசமாய்ப் போன பெருமை.

இரண்டு பள்ளிக்கூடத்து டீச்சர்மாரையும் ஒரே மண்டபத்தில் உட்கார வைத்து ஒரு செமினார் நடத்துவார்கள் என்று நாம் நினைத்தே பார்க்கவில்லை. தேநீர் இடைவேளையில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "இந்த நீலச் சாரி போன கிழமை நீங்க கட்டியிருந்ததுதானே?" மேசையைச் சுற்றி நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினோம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் சொன்னது வேறு.

"ஆமாங்க. பாவம், அவங்களுக்கு அவ்வளவா வசதி இல்ல. என்னோட பழசெல்லாம் நான்தான் குடுப்பேன்."

நீ கோப்பையைக் கீழே வைத்தாய். "ஆமாங்க, டீச்சர்தான் குடுக்கிறாங்க. நல்ல மனசு" என்றாய். அதுவரை என்னை "அடியே" என்பதைத் தவிர வேறு எப்படியும் நீ கூப்பிட்டதில்லை.

அன்று சாயந்தரமே உன்னிடம் இருந்த சாரிகளை மடித்துக் கொண்டுவந்து என் கட்டிலில் வைத்தாய். "ஏய், கோவமா?" என்றேன். "இல்லங்க" என்றாய். கத்தியிருக்கலாமே நீ! என் முடியைப் பிடித்து உலுக்கியிருக்கலாம், பாதி என்னுடையது என்று நாலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். எதுவும் செய்யாமல் என் பொய்யை எனக்கே விட்டுவிட்டுப் போனாய். அந்தக் கோபம் உன்மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதன் பிறகு நீ எப்படியோ தேடிக்கொண்ட இரண்டே சாரியை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறிப் போவதை பஸ்ஸிலிருந்து பார்ப்பேன். இறங்கி வந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். சாரியெல்லாம் எங்கள் வீட்டிலேயே இருந்ததால் எல்லாம் என்னுடையது என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். "கல்யாணம் காணாத புள்ளம்மா. நல்லதா ஒரு சீலை கட்டி அனுப்பணும். நீங்கதான் அவளுக்கு எப்பவும் குடுப்பீங்க."

அலுமாரியைத் திறந்தேன். நீ ஆசை ஆசையாய் எடுத்த சாம்பல் நிறச் சாரியில்தான் முதலில் கை போனது. அப்புறம் புத்தி குறுக்கே வந்தது. இது மூன்று ஜாக்கெட்டுக்கும் சேருமே, இது போனால் வாரத்துக்குச் சாரி குறையுமே. நீ விலகிய பிறகு நானாக வாங்கி, எதற்கும் பொருந்தாமல் கிடந்த ஆரஞ்சுச் சாரியை எடுத்துக் கொடுத்தேன். உன்னைப் பெட்டியில் கிடத்தியிருந்த நேரத்தில் நான் ஜாக்கெட் பொருத்தம் பார்த்தேனடி. உன் அம்மா என் இரண்டு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஒனக்குப் புண்ணியமாப் போகும் புள்ள" என்றார்கள்.

சாம்பல் சாரியை இப்போதும் கட்டுகிறேன். மூன்றுக்கும் சேர்கிறது, நீ சொன்னபடியே. அதைக் கட்டிக்கொண்டு உங்கள் லயத்தைத் தாண்டிப் போகும்போது வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் உன் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார்கள், எனக்கு மரியாதை. இது உங்கள் மகள் வாங்கியது என்று சொல்ல ஒவ்வொரு நாளும் வாயைத் திறக்கிறேன். "உட்காருங்கம்மா" என்றுதான் வருகிறது.