ஒரு கவளத்துக்கு அனுமதி கோரி

அனுப்புநர்:
ஆண்கள் பிரிவில் ஜன்னலோரக் கட்டிலில் இருக்கும் நோயாளியின் அக்கா.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு மனநல மருத்துவமனை.

பொருள்: நோயாளிகளின் உணவை ஊழியர்கள் உண்ணக் கூடாது என்ற சுற்றறிக்கையைத் தளர்த்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சாப்பாட்டில் விஷம் கலந்திருக்கிறது என்ற பயம் என் தம்பிக்கு நெடுநாளாக உண்டு. அதோடு போராடித் தோற்ற பிறகுதான் அவனைத் தங்களிடம் சேர்த்தேன். அங்கே வார்டு உதவியாளர் ஒருவர், தம்பி 'நெட்டை அண்ணன்' என்று கூப்பிடுகிறவர், அவனோடு வாதாடவே இல்லை. தட்டை வைத்ததும் அதிலிருந்து ஒரு கவளம் எடுத்து மென்று விழுங்கி, வாயைத் திறந்தும் காட்டுவார். தம்பி சிரித்துக்கொண்டே சாப்பிடுவான். மாத்திரையும் அந்தச் சிரிப்போடு உள்ளே போய்விடும்.

2. ஆய்வுக்கு வந்த நிர்வாக அதிகாரி இதைப் பார்த்துவிட்டு, எல்லோர் எதிரிலும் அவரைத் திருடன் என்றார். விளக்கம் கேட்டுக் குறிப்பாணையும் கொடுத்தார். ஒரு கவளத்தில் சதை போட்டுவிடும் உடம்பா அது என்று தாங்களே அவரை அழைத்துப் பார்க்கலாம். அதே வாரம் சுற்றறிக்கை வந்தது. நானும் ஓர் அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளுகிறவள்தான். சுற்றறிக்கை முன்னால் நியாயம் பேசியவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

3. இப்போது தம்பி சாப்பிடுவதில்லை. கையைக் கட்டி, மூக்கில் குழாய் விட்டு ஊற்றுகிறார்கள். கட்டும்போது தோளை அழுத்திப் பிடிப்பவர் அதே நெட்டை அண்ணன். தம்பியின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. அதைக் கண்ட அன்று வாசலில் அவரை மறித்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் கோபப்படவில்லை.

"மொத்த வார்டுக்கும் ரெண்டே பேரும்மா. ஒப்பந்த வேலை. திருடன்னு பேரும் வாங்கியாச்சு. முன்ன மாதிரி தம்பிகிட்ட உக்காந்தா வேலை போயிடும். அவன் மூஞ்சியப் பாத்தா உக்காந்துடுவேன். அதான் பாக்கறதில்ல."

4. ஆகவே இது அவர்மீதான புகார் அல்ல. அவர்மேல் நடவடிக்கை எடுத்து இந்த மனுவை முடித்துவிட வேண்டாம். அவரிடம் இரக்கம் வற்றிப்போகவில்லை. அதைக் காட்டினால் தண்டனை என்று தங்கள் நிர்வாகம்தான் ஆக்கி வைத்திருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு அச்சமாகத்தான் இருக்கிறது, என் தம்பி தங்கள் கையில் இருக்கிறான். குறிப்பாணையை ரத்து செய்து, அந்த ஒரு கவளத்தை எழுத்துமூலம் அனுமதித்து, சாப்பாட்டு வேளைக்கு இன்னும் ஓர் ஆளையும் தர வேண்டுகிறேன்.

5. அக்காவே சாப்பிட்டுக் காட்டலாமே என்று மருத்துவர் யோசனை சொன்னார். நேற்று அப்படியே செய்தேன். தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "நீதானே என்னை இங்க கொண்டுவந்து விட்ட. நெட்டை அண்ணனே இப்ப இந்தச் சோத்தத் தொடறதில்ல. அப்போ இதுல நெஜமாவே ஏதோ இருக்கு" என்றான். தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

6. இந்த உடம்பு இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று மருத்துவரைக் கேட்டேன். அவர் தம்பியின் எடையைக் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். தங்கள் உத்தரவு அதற்குள் வந்துவிட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மருத்துவமனைப் பார்வையாளர் அறை
நாள்: வியாழக்கிழமை

பதிலுக்காக இங்கேயே காத்திருக்கும்,
(கையொப்பம்)
நோயாளியின் அக்கா