பூசையில் வைத்த டிஸ்க்

நாவலப்பிட்டி
22.10.1995

அன்பு மகன் யோகராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் தங்கச்சி சுந்தரியும் சுகம், அங்கே குவைத்தில் நீயும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். அப்பாவுக்குத்தான் சுகமில்லை. பட்டறையில் இரும்பு அறுக்கும் கிரைண்டர் டிஸ்க் வெடித்து அவருடைய வலது கண்ணில் அடித்துவிட்டது. பதினேழு நாள் கண்டி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து நேற்றுத்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கண்ணைப் பற்றி டொக்டர் சொன்னதைக் கடைசியில் எழுதுகிறேன், முதலிலேயே எழுதினால் நீ மற்றதை வாசிக்க மாட்டாய். நீயும் அங்கே நாள் முழுக்க அதே மெஷினைத்தான் பிடிக்கிறாய், அதனால் ஒரு வரி விடாமல் வாசி.

இந்த வருஷமும் ஆயுத பூசைக்கு உன் மாமா கறுப்பையாதான் முன்னுக்கு நின்றான். சுத்தியல், குறடு, அரம் எல்லாவற்றையும் வழக்கம் போல மஞ்சள் தண்ணீரில் கழுவினான், கழுவட்டும், அதெல்லாம் இரும்பு. அதோடு கிரைண்டர் டிஸ்கையும் கழற்றி அதே வாளியில் ஊறப் போட்டான். டிஸ்க் இரும்பில்லை, கல்லுத்தூளைப் பசை போட்டு இறுக்கிச் செய்தது, ஈரம் பட்டால் பழுதாகிவிடும் என்று இரும்புக்கடை மக்கீன் நானா விற்கும்போதே சொன்னவர். டிஸ்கின் மேல் பாதியை மூடியிருக்கும் கார்டையும் கழற்றிவிட்டான். ஏன்டா என்று கேட்டேன், "சாமிக்கு முன்னால மூஞ்சிய மூடி வைக்கலாமாக்கா?" என்றான். கார்டுக்குத் தனியாகப் பொட்டு வைத்து, செவ்வந்திப் பூச் சுற்றி ஆணியில் மாட்டினான். நான் என்ன செய்தேன் தெரியுமா, சந்தனத்தைத் தண்ணீராகக் குழைத்து அந்த டிஸ்கின் இரண்டு பக்கமும் அப்பினேன். நானா சொன்னதை நானும் கேட்டவள்தான். என்னை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் காலையில் ஒரு கேட்டுக்குக் கம்பி அறுக்க வேண்டியிருந்தது. அலுமாரியில் புது டிஸ்க் பெட்டியோடு இருந்தது, ஆனால் பூசையில் வைத்ததைத்தான் முதலில் ஓட்ட வேண்டுமாம், அப்போதுதான் வருஷம் முழுக்க வேலை வருமாம், இது உன் மாமாவின் பேச்சு. உன் அப்பாவும் அதற்குத் தலையாட்டினார். டிஸ்கில் சந்தனம் கூடக் காயவில்லை, கார்ட் பூவோடு ஆணியில் தொங்குகிறது, பொறி படாமல் போடுகிற கண்ணாடி அவருடைய சட்டைப் பைக்குள். அறுத்து முடித்த பிறகு அதே மெல்லிய டிஸ்கைப் படுக்கப் பிடித்து கம்பி முனையைத் தேய்த்தார். அந்த டிஸ்க் நேராக அறுக்க மட்டும்தான், பக்கவாட்டில் அழுத்தினால் உடைந்துவிடும், தேய்ப்பதற்குத் தடித்த டிஸ்க் வேறாக இருக்கிறது. இது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும், மாற்றப் பஞ்சி, சோம்பல். நான் தேத்தண்ணியோடு வாசலில் நிற்கிறேன், பட்டாசு போல ஒரு சத்தம். ஒரு துண்டு கூரைத் தகரத்தில் போய்ச் செருகியது, மற்றது அவர் கண்ணில். விரலுக்கிடையால் இரத்தம் வழிகிறது, வாய் மட்டும் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்கிறது.

அவரை வார்டில் விட்டுவிட்டு மாற்றுத்துணி எடுக்க வந்தேன். பட்டறையில் மெஷின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் கறுப்பையா இரும்புத்தூளைக் கூட்டி இரத்தத்தின் மேல் தள்ளிவிட்டு, அதன்மேல் நின்றுகொண்டு, புது டிஸ்கைப் போட்டு அந்தக் கேட்டுக் கம்பியையே அறுத்துக்கொண்டிருக்கிறான். அப்போதும் கார்ட் ஆணியில்தான். "அதப் போட்டா வெட்டுற எடம் தெரியலக்கா" என்றான். கூடப் பிறந்தவன் என்றும் பார்க்காமல் பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. பார்க்க வந்த சொந்தங்களும் அவனுக்கு மேலே. ஆளுக்கொரு பிஸ்கட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "பூச செஞ்சதாலதான் உசுரு மிஞ்சிச்சு" என்று என்னிடமே சொல்கிறார்கள். சாமியா கார்டைக் கழற்றச் சொன்னது? கேட்டால் நான் வாய்க்காரியாம்.

வார்டில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தச்சர் ஒருவர், பழைய கதவை மெஷினால் தேய்க்கும்போது பிடுங்காமல் விட்டிருந்த ஆணி தெறித்து அடித்ததாம். அவருக்கு மரத்தூளில் இருமலும் நிற்கவில்லை, வாயில் ஒரு துணி கூடக் கட்டியதில்லையாம். மற்றவர் கம்பளைக்காரர், பாவம், அந்த மனுஷன் வீதியால் நடந்து போனவர், அறுத்தது வேறு யாரோ, தெறித்த துண்டு இவர் கண்ணில். தச்சரும் சரி, உன் அப்பாவும் சரி, கேட்டால் "ஒரு நிமிஷ வேலதானே" என்கிறார்கள். அந்த ஒரு நிமிஷத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துவிட்டது.

இனி உன்னிடம் வருகிறேன். ஆவணி மாதம் நீ அனுப்பிய போட்டோவை அப்பா பட்டறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். பொறி பறக்கிறது, வாயில் சிகரெட், பொத்தான் போடாத சட்டை ஆடுகிறது, ஒரு கையில் மெஷின், மற்றக் கையைப் போட்டோ பிடிக்கிறவனுக்கு ஆட்டுகிறாய். கார்ட் இல்லை. கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருக்கிறாய், உச்சந்தலையிலா கண் இருக்கிறது? சீ, இதையா உன்னைப் பெற்றவளுக்கு அனுப்புவது! இரண்டு கையாலும் பிடி, மெஷினின் பக்கவாட்டில் உள்ள பிடி அதற்குத்தான் இருக்கிறது. டிஸ்கை மாட்டுமுன் வெடிப்பு இருக்கிறதா என்று பார், கீழே விழுந்ததைப் போடாதே, போட்டபின் ஒரு நிமிஷம் உன் முகத்துக்கு நேரே இல்லாமல் சும்மா ஓடவிட்டுப் பார். மாற்றுகிறபோது பிளக்கைக் கழற்று. சுவிட்சை நிறுத்தினாலும் டிஸ்க் உடனே நிற்காது, நின்ற பிறகு கீழே வை. பெயின்ட், தின்னர் பக்கத்தில் பொறி பறக்க விடாதே. இதெல்லாம் நானா சொன்னதும் வார்டில் கேட்டதும்தான், நான் எங்கே படித்தேன்! கார்ட் தராவிட்டால் மெஷினைத் தொட மாட்டேன் என்று உன் மேஸ்திரியிடம் சொல். அனுப்பிவிடுவார்கள் என்றால் அனுப்பட்டும், வீட்டுக்கு வா.

சுந்தரி பரீட்சைக்குப் படிக்கிறாள், உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் வெறும் தலையோடு நிற்காதே. குறையில்லாத உடம்போடு நீ நூறு வருஷம் வாழ வேண்டும், அம்மன் துணை இருப்பாள். கடிதம் கிடைத்த அன்றே மெஷினுக்குக் கார்டைப் போட்டு, போட்டுவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி எழுது.

இனிக் கண். அப்பாவின் நல்ல கண்ணை மூடிவிட்டு டொக்டர் டோர்ச் அடித்து, வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்டார். தெரியுது என்றார். டோர்ச்சை அணைத்துவிட்டு மறுபடியும் கேட்டார். அப்போதும் உன் அப்பா, "நல்லா தெரியுதுங்க ஐயா" என்றார். அந்தக் கண் போய்விட்டது மகனே. இப்போது பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "இத மட்டும் எழுதாத, புள்ள அங்க தனியா கெடக்குறான், பயந்துருவான்" என்கிறார். நீ பயப்பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இப்படிக்கு உன் அம்மா,
ப. பாப்பம்மா