சக்கரவர்த்தி வரைந்த கிளி

ஊரில் இருக்கும் என் வீட்டுச் சீமாட்டி சங்கரேஸ்வரிக்கு, தாராவிச் சக்கரவர்த்தியும் தோல் பை தைப்பவனுமான இசக்கிராஜ் எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

நாற்பது நாளாக, வேலைக்குப் போகுமுன் தினமும் ஒரு படம் வரைகிறேன். உலகத்துப் பச்சைப் பெயிண்டில் பாதியை நானே தீர்த்துவிட்டேன். ஞாயிறுதோறும் எங்கள் குடியிருப்பில் பத்துப் பேர் கூடி, வரைந்ததைக் காட்டிக்கொள்வோம். மாதக் கடைசி ஞாயிறு தேர்வாகும் பார்டர் டிசைனைத்தான் மாடிப்படிச் சுவர் முழுக்கத் தீட்டப்போகிறோம்.

நேற்று என் கிளி வரிசையை விரித்தேன். கீழ்வீட்டுப் பார்வதியம்மாள் கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பல்லி தத்ரூபமா இருக்கு. எங்க விழுந்தா என்ன பலன்னும் பக்கத்துல எழுதிருங்க" என்றாள். தாராவியே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் அந்தச் சுவரில் என் கிளிதான் ஏற வேண்டும்.

அதற்கு உன் கிளி பார்டர் சேலை வேண்டும். போட்டோ வேண்டாம், மூக்கு வளைவு சரியாகத் தெரியாது. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, ஓடுகிறேன். சேலையை ஒரு நாள் உடுத்திவிட்டு அப்படியே மடித்து அனுப்பு. துவைக்காதே, சாயம் மங்கிவிடும்.

உன் இசக்கிராஜ்